பழுக்காத வாழைக்காய்: டொராண்டோ அக்காவுக்குப் பதில்

எல்லோருக்கும் வணக்கம்.

பச்சையாக வாங்கிய வாழைக்காய் பத்து நாளாகியும் பழுக்கவில்லை, தோல் சாம்பல் பூத்துவிட்டது, மருந்தடித்த காயா என்று டொராண்டோவிலிருந்து அக்கா கேட்டிருந்தார்கள். அக்கா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது குளிர் பட்ட காய். இங்கே மகாராஷ்டிராவின் ஜல்காவில் மார்கழி, தை வந்தால் தோட்டத்திலேயே இதைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பகை காற்றுதான். ஆடிக் காற்றில் சாய்ந்த மரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குளிரும் வாழையைக் கெடுக்கும் என்பது இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தபதி ஆற்றுப் பக்கம், ராவேர், யாவல் வட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் வாழை. நம்மூரில் நடுகிற அதே ஜி-9 வாழை ரகம் இங்கேயும் உண்டு. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சில ராத்திரிகள் 10 டிகிரிக்கும் கீழே போய்விடும்.

16 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே குருத்து விடுவது ஏறக்குறைய நின்றுபோகும். இலை மஞ்சளடிக்கும். அதைக்கூடத் தேற்றிவிடலாம். குலை தள்ளுகிற நேரத்தில் குளிர் பிடித்தால்தான் கொடுமை. உள்தண்டு நீளாமல் இலைக்காம்புகள் நெருங்கி மரத்தின் கழுத்தை அடைத்துக்கொள்ளும். தார் பாதி வெளியே, பாதி உள்ளே சிக்கி நிற்கும். சில மரங்களில் தண்டின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அப்படி வந்த தாரில் சீப்புகள் நெருக்கியடித்து, காய் குட்டையாகக் கோணிக்கொண்டு இருக்கும். ஒரு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் அந்த மரத்தடியில் நிற்பதைக் கண்டால் மனசு கேட்காது.

இங்குள்ள விவசாயிகள் குளிர் ராத்திரிகளில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். கிணற்றுத் தண்ணீர் அந்நேரம் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். விடியற்காலையில் வரப்போரம் சருகைக் கொளுத்திப் புகைமூட்டம் போடுவார்கள். தாருக்குப் பாலித்தீன் உறை மாட்டுவதும் உண்டு. எல்லாம் ஓரளவுக்குத்தான் காக்கும்.

சரி, உங்கள் காய்க்கு வருகிறேன். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது அல்லவா? குளிரில் செல்களின் சவ்வு சிதைந்து, அதே கறுப்பு தோலுக்குள்ளேயே ஏறுகிறது. பச்சைத் தோலை நகத்தால் லேசாகச் சீவிப் பாருங்கள், அடியில் பழுப்புக் கோடுகள் தெரியும். அப்படிப்பட்ட காய் பளிச்சென்ற மஞ்சளுக்கு வராது. உள்ளே கட்டையாக இருக்கும், மணமும் ஏறாது. கப்பலில் வாழைக்காயை 13, 14 டிகிரியிலேயே வைத்துக் கொண்டுவருவது இதற்காகத்தான். அவ்வளவு பத்திரமாக வந்த காய், கடை வாசலில் இறக்கும்போதோ, பனியில் நிற்கும் உங்கள் காரிலோ சில மணி நேரம் கிடந்தால் போதும். அடி பட்டது அன்றைக்கே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தோலில் காட்டும்.

அதனால் குளிர்காலத்தில் வாழைக்காயைக் கடைசியாக வாங்கி, கம்பளித் துணியில் சுற்றி, நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பச்சைக் காயை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். நன்றாகப் பழுத்ததை வைக்கலாம். தோல் கறுத்தாலும் உள்ளே பழம் நன்றாகவே இருக்கும், பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம், இப்போது உங்கள் கையில் இருக்கும் காய் இனிப் பழுக்காது. தோல் சீவிப் பொரியல் செய்து பாருங்கள்.

ஜல்காவிலிருந்து,
உங்கள் தம்பி