பந்தி முடிந்த பிறகு போட்ட ஓட்டு: பிரைமரி அனுபவங்கள்

எடிசன், நியூஜெர்சி

2015-ல் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுத்துவிட்டு வெளியே வந்த கையோடு வாக்காளர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஊரில் இருந்தவரை ஒரு தேர்தலையும் விட்டதில்லை. இங்கே பதினேழு வருடம் வெறும் வேடிக்கைதான் பார்த்தேன். அதனால் ஒரு அவசரம்.

முதல் ஓட்டு 2016 ஜூன் 7. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான பிரைமரி. வீட்டிலேயே இரண்டு அணி: நான் சாண்டர்ஸ், மனைவி ஹிலரி. முந்தின நாள் இரவு தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் ஓடுகிறது: ஹிலரிக்குத் தேவையான டெலிகேட் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிப் பிரதிநிதி) எண்ணிக்கை கிடைத்துவிட்டது, அவர்தான் வேட்பாளர் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. மறுநாள் நாங்கள் மட்டுமல்ல, கலிபோர்னியாவும் ஓட்டுப் போட வேண்டும். அதற்குள் எப்படி?

அப்போதுதான் சூப்பர் டெலிகேட் என்ற ஜாதியைப் பற்றித் தெரிந்தது. எம்.பி.க்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் என்று எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள். மக்கள் ஓட்டு எப்படிப் போனாலும் இவர்கள் விரும்பியவரை ஆதரிக்கலாம். அவர்களிடம் போன் போட்டுக் கேட்டுக் கூட்டிப் பார்த்த கணக்கு அது. ஹிலரி மக்கள் ஓட்டிலும் முன்னால்தான் இருந்தார், மறுக்கவில்லை. ஆனால் மனைவி, அதாவது ஜெயித்த அணி, அவளே கேட்டாள்: "அப்போ நாளைக்கு எதுக்குங்க ஒரு மணி நேரம் பர்மிஷன் போடணும்?"

2018-ல் விதியை மாற்றினார்கள். போட்டி இருந்தால் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் ஓட்டுப் போட முடியாது. சரி, இனி நம் காலம் என்று நினைத்தேன். 2020-ல் கொரோனாவால் எங்கள் பிரைமரி ஜூலை 7-க்குத் தள்ளிப்போனது. சாண்டர்ஸ் ஏப்ரல் 8 அன்றே ஒதுங்கிவிட்டார். தபால் உறையில் கையெழுத்துப் போட்டு, செத்த பாம்பை அடித்த கணக்காக அனுப்பி வைத்தேன்.

2024 இன்னும் விசேஷம். பைடனுக்கு மார்ச் 12-லேயே கணக்கு முடிந்துவிட்டது. எங்கள் ஓட்டு ஜூன் 4. போனேன், பைடனுக்கே போட்டேன். ஜூன் 27 அன்று டிரம்ப்புடன் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதைப் பார்த்தீர்கள்தானே? ஜூலை 21 ஞாயிற்றுக்கிழமை எக்ஸ் தளத்தில் ஒரு கடிதம், போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஒன்றே கால் கோடிக்கும் மேற்பட்டோர் போட்ட ஓட்டு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் டெலிகேட்டுகள் ஆன்லைனிலேயே கமலா ஹாரிஸை வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள். கட்சி விதியைத் தேடிப் படித்தேன். தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை டெலிகேட்டுகள் மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. சட்டப்படி தவறு ஒன்றுமில்லை. ஹாரிஸ் மீதும் எனக்குக் கோபமில்லை, நவம்பரில் அவருக்குத்தான் போட்டேன். ஆனால் மூன்று முறை போட்ட ஓட்டில் ஒன்றுகூட எதையும் தீர்மானிக்கவில்லை. பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்!

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். யாருக்கு ஓட்டு என்ற சண்டை வேண்டாம். ஓட்டுப் போடப் போய் என்ன ஆனது என்பது மட்டும் போதும்.

குவீன்ஸ், நியூயார்க்

அண்ணா, நீங்களாவது பந்தி முடிந்து போனீர்கள். என்னை மண்டபத்துக்குள்ளேயே விடவில்லை.

குடியுரிமை வாங்கியபோது படிவத்தில் "எந்தக் கட்சியிலும் சேர விரும்பவில்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அரசு வேலையில் இருந்த அப்பா வளர்த்த வளர்ப்பு, எந்தக் கட்சிக் கொடியும் வாசலில் பறக்கக் கூடாது. 2016 ஏப்ரல் 19, குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட்டுச்சாவடிக்குப் போனேன். பட்டியலில் பெயர் இல்லை. நியூயார்க்கில் கட்சி உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு மட்டுமே பிரைமரி. சரி, இப்போதே சேர்ந்துகொள்கிறேன் என்றேன். அந்த மேசையில் இருந்த அம்மா பரிதாபமாகப் பார்த்தார். கட்சி மாற்றுவதற்கான கடைசி நாள் முந்தைய வருடம் அக்டோபர் 9-ஆம்! ஆறு மாதத்துக்கும் முன்னால். அப்போது எனக்கு வேட்பாளர்களின் பெயர்கூட முழுதாகத் தெரியாது.

ஆறுதலாக ஒன்று. அதே விதியால் டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியவில்லை.

பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் உறுதிமொழி எழுதிப் போடும் பிரமாணப் பத்திர ஓட்டு ஒன்று கொடுத்தார்கள், போட்டேன். பிறகு தபாலில் கடிதம் வந்தது: எண்ணப்படவில்லை.

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

சகோதரி, நான் உங்களைவிட மோசம். கட்சி சாராதவன் என்று காட்டிக்கொள்ள "அமெரிக்கன் இண்டிபெண்டெண்ட்" என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுயேச்சை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அது ஒரு கட்சியின் பெயர்! 1968-ல் இனப் பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸை அதிபர் தேர்தலில் நிறுத்திய கட்சி. கட்சி சாராதவர்கள் கேட்டால் ஜனநாயகக் கட்சியின் வாக்குச்சீட்டு தருவார்கள், எனக்குத் தரவில்லை. நான்தான் வேறு கட்சிக்காரன் ஆயிற்றே. இந்த ஊரில் இதே தப்பைச் செய்த தமிழர்கள் மூன்று பேரை எனக்கே தெரியும்.

வெஸ்ட் டெமாய்ன், அயோவா

நான் பந்திக்கு முந்தியவன். 2020 வரை நாட்டிலேயே முதல் இலை எங்களுக்குத்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 பிப்ரவரி 3. அன்றைய எங்கள் காக்கஸ் (பிரைமரிக்குப் பதிலாகக் கட்சியே நடத்தும் கூட்டம்) என்றால் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவதில்லை. இரவு ஏழு மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும். என் மனைவி நர்ஸ், அன்று இரவு ஷிஃப்ட். அவளுக்கு ஓட்டு இல்லை, அவ்வளவுதான். வர முடியாதவர்களுக்காக சாட்டிலைட் காக்கஸ் என்று சில இடங்களில் வைத்தார்கள். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து இடம் வாங்கியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூட ஜிம். பனிக்கோட்டைக் கழற்றி வைக்க இடமில்லை. ஒரு மூலையில் வாரன், ஒரு மூலையில் புட்டிஜஜ், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே சாண்டர்ஸ். யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். ரகசிய வாக்கெடுப்பெல்லாம் கிடையாது. எதிர்வீட்டுக்காரர், மகனின் கணக்கு டீச்சர், என் மேனேஜர் எல்லோரும் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கிறார்கள். நான் ஆண்ட்ரூ யாங் கூட்டத்தில் நின்றேன். அரங்கில் 204 பேர். பதினைந்து சதவீதம் இல்லாத கூட்டம் கலைந்துவிட வேண்டும். அதாவது 31 பேர் வேண்டும். நாங்கள் 23.

அப்புறம் ஆரம்பித்தது பிள்ளை பிடிக்கும் வேலை. நான்கு பக்கமிருந்தும் வருகிறார்கள், கையில் பிஸ்கட்டோடு. "உங்க ரெண்டாவது சாய்ஸ் யாரு?" என்று தோளில் கைபோட்டுக் கேட்கிறார்கள். என் மேனேஜர் வந்து கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவர் தங்கமான மனிதர், அதுவேறு. ஆனாலும் அவர் நின்ற மூலைக்குத்தான் போனேன். இதை இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, முடிவாவது வந்ததா? எண்ணிக்கையை ஒரு செயலி வழியாக அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அது வேலை செய்யவில்லை. போனில் சொல்லலாம் என்றால் லைன் கிடைக்கவில்லை. எங்கள் அரங்கை நடத்தியவர் காதில் போனை வைத்துக்கொண்டு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தது கண்ணிலேயே நிற்கிறது. பதினெட்டு வருடமாகச் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன்; மாநிலம் முழுக்க ஒரே இரவில் முதல்முறையாக ஓடவிட்டுப் பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு, இங்கே எழுத முடியாது.

மறுநாள் மாலைதான் பாதிக்குச் சற்று மேல் முடிவு வந்தது. முழு எண்ணிக்கைக்கு வியாழக்கிழமை ஆயிற்று. ஆள் எண்ணிக்கையில் முதல் சுற்றில் சாண்டர்ஸ் ஏறத்தாழ 6,000 கூடுதல். டெலிகேட் கணக்கில் புட்டிஜஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. ஏன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எத்தனை டெலிகேட் என்பது முன்பே முடிவானது; அங்கே எத்தனை பேர் வந்து நின்றாலும் மாறாது. சில இடங்களில் சமநிலை வந்தபோது காசு சுண்டினார்கள். கட்சியின் மாநிலத் தலைவர் அடுத்த வாரமே ராஜினாமா. 2024-ல் முதல் இலையை எங்களிடமிருந்து எடுத்துத் தென் கரோலினாவுக்குப் போட்டுவிட்டார்கள்.

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

அயோவா அண்ணனிடமிருந்து எடுத்தது போதாதென்று எங்களிடமும் எடுத்தார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. எங்கள் மாநிலச் சட்டமே பிரைமரியை முதலில் நடத்தச் சொல்கிறது. கட்சி என்ன சொன்னாலும் 2024 ஜனவரி 23 என்று தேதி குறித்தார்கள். உடனே தேசியக் கட்சி, இது "அர்த்தமற்றது", மக்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கடிதம் எழுதியது. சீட்டில் பைடன் பெயரே இல்லை. அவருக்குப் போட வேண்டும் என்றால் நாமே பேனாவால் எழுத வேண்டும்.

இதற்கு நடுவே, ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. எடுத்தால் பைடன்! அதே குரல், அவர் வழக்கமாகச் சொல்லும் அதே "மலார்க்கி" (வெட்டிப்பேச்சு). உங்கள் ஓட்டை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள், இந்தச் செவ்வாய் போகாதீர்கள் என்கிறார். செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் குரல் என்று மறுநாள் செய்தியில்தான் தெரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கேட்டபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. கட்சியே அர்த்தமற்றது என்று எழுதியிருக்கும்போது தலைவர் போன் போட்டு வராதே என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்?

அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் போனேன். எழுதிப் போட்டவர்களால் பைடன் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். பிற்பாடு கட்சியும் சமாதானமாகி எங்கள் டெலிகேட்டுகளுக்கு இடம் கொடுத்தது. அதற்கப்புறம் எடிசன் அண்ணன் சொன்ன கதைதான்.

ஹெண்டர்சன், நெவாடா

எல்லோரும் கழுதைச் சின்ன ஜனநாயகக் கட்சியாகவே இருக்கிறீர்கள், யானைச் சின்னக் குடியரசுக் கட்சிப் பக்கமிருந்து ஒருவன் பேசுகிறேன்.

2024-ல் எங்கள் வீட்டுக்குத் தபாலில் குடியரசுக் கட்சியின் பிரைமரி வாக்குச்சீட்டு வந்தது. டிரம்ப் பெயரைத் தேடுகிறேன், இல்லை. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள், இல்லை. அச்சுப்பிழை என்றே நினைத்தோம். பிறகுதான் விவரம்: மாநிலச் சட்டப்படி அரசு நடத்தும் பிரைமரி பிப்ரவரி 6. கட்சி அதை ஏற்காமல் தனியாகக் காக்கஸ் நடத்துவது பிப்ரவரி 8. டெலிகேட்டுகள் காக்கஸுக்கு மட்டும்தான். பிரைமரியில் பெயர் கொடுத்தவர் காக்கஸில் நிற்க முடியாது. நிக்கி ஹேலி பிரைமரியில், டிரம்ப் காக்கஸில். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு மண்டபம், மாப்பிள்ளை ஒன்றில், பெண் ஒன்றில்.

பிரைமரியில் பெரிய வேட்பாளர் என்று ஹேலி மட்டும்தான். தோற்றார். யாரிடம்? "இவர்களில் யாருமில்லை" என்ற கட்டத்திடம். நம் ஊர் நோட்டா! அதற்கு 63 சதவீதம், ஹேலிக்கு 30. நோட்டா ஜெயித்து நான் பார்த்தது அதுதான். இரண்டு நாள் கழித்துக் காக்கஸில் டிரம்ப்புக்கு 99 சதவீதம்.

நான் டிரம்ப்புக்குத்தான் போட நினைத்தேன், போட்டேன். ஆனால் எனக்கே கூச்சமாக இருந்தது. 99 சதவீதம் எல்லாம் சங்கத் தேர்தலில்கூட வராது.

நேப்பர்வில், இல்லினாய்

நான் ஓய்வு பெற்றவன், கட்சியில் தன்னார்வலன். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவன். ஆகவே கொஞ்சம் மறுபக்கம்.

1968-ல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. பெரிய தலைகள் கூடிப் பேசி வேட்பாளர் ஆக்கினார்கள். மாநாடு நடந்த சிகாகோவில், வெளியே தெருவில் போராடியவர்களுக்குப் போலீஸ் அடி. அந்த அவமானத்துக்குப் பிறகு எழுதிய விதிகளால்தான் 1972-லிருந்து நீங்கள் சொல்வதைக் கேட்கவே ஆரம்பித்தார்கள். நம் ஊரில் என்ன நடக்கிறது? பணம் கட்டி விருப்ப மனு, அப்புறம் நேர்காணல், கடைசியில் தலைமை வெளியிடும் பட்டியல். அதில் உங்களை யார் கேட்டது? அங்கே வராத கோபம் இங்கே மட்டும் ஏன் வருகிறது?

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2024 ஆகஸ்டில் கதவு தட்டியபோது ஒருவர், "இந்தப் பெயருக்கு நான் ஓட்டே போடலையே" என்றார். துண்டறிக்கையை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

எடிசன், நியூஜெர்சி

ஐயா, அங்கே கேட்க மாட்டார்கள் என்று தெரியும், அதனால் வருத்தமில்லை. அழைக்காத வீட்டில் சோறு போடவில்லை என்று யாராவது கோபப்படுவார்களா? இங்கே பத்திரிகை வைத்து அழைத்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார வைத்துவிட்டு அல்லவா பந்தி முடிந்தது என்கிறார்கள்.

அந்தக் கதவுக்காரர் எங்கள் தெருவில் இருந்தால் நானே அவர் வீட்டுக்குப் போயிருப்பேன்.

குவீன்ஸ், நியூயார்க்

மிச்சக் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். 2016-க்குப் பிறகு ரோஷத்தில் ஜனநாயகக் கட்சியில் முறைப்படி சேர்ந்தேன். அப்பா மட்டும் உயிரோடு இருந்திருந்தால் திட்டியிருப்பார். இடையில் விதியும் தளர்ந்தது. கட்சி மாற இப்போது கடைசி நாள் அந்த வருடம் பிப்ரவரி 14. ஆக 2020-க்கு நான் எல்லாம் தயார். ஏப்ரல் கடைசியில், கொரோனா, சாண்டர்ஸும் விலகிவிட்டார் என்று சொல்லி எங்கள் மாநிலத்தில் அதிபர் பிரைமரியையே ரத்து செய்துவிட்டார்கள்!

வழக்குப் போட்டது யார் தெரியுமா அயோவா அண்ணா? உங்கள் யாங்தான். நீதிபதி பிரைமரியை நடத்தச் சொன்னார். ஜூன் 23 அன்று மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். பட்டியலில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில், யார் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார் என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடம் ஞாபகத்துக்கே வரவில்லை. யாங் பெயரும் சீட்டில் இருந்தது. அவருக்கே போட்டுவிட்டு வந்தேன்.