பியானோ கம்பிகளுக்குள் திருகாணி செருகிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம். நான் பரிசோதனை இசையை மட்டுமே வாசிக்கும் பியானோ கலைஞர். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1946 முதல் 1948 வரை எழுதிய 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்' என்ற பியானோ படைப்பு முழுவதையும் மேடையில் வாசிக்க வேண்டும் என்பது பல நாள் ஆசை, இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது. அதற்குப் பியானோவின் ஒலியையே மாற்ற, 45 ஸ்வரங்களின் கம்பிகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், ரப்பர் என்று செருக வேண்டும். டாம்பரிலிருந்து (கம்பியின் அதிர்வை நிறுத்தும் பஞ்சுக்கட்டை) எத்தனை அங்குலம் தள்ளி என்று அட்டவணையே கொடுத்திருக்கிறார். ஆனால் பியானோவுக்குப் பியானோ கம்பியின் நீளம் மாறுகிறதே! நேற்று அட்டவணைப்படி அளந்து வைத்த ஒரு திருகாணி, மணி போல ஒலிக்காமல் கரகரவென்று அதிர்ந்தது. கொஞ்சம் நகர்த்தினால் சத்தமே செத்துவிடுகிறது.

அளவை கம்பி நீளத்துக்கு ஏற்ப விகிதம் போட்டு மாற்றுவீர்களா, இல்லை காதை நம்பித்தான் வைப்பீர்களா?

அப்புறம், அரங்க நிர்வாகம் பியானோ பாழாகிவிடும் என்று பயப்படுகிறது. கம்பிகளை மரத்துண்டால் மெல்ல விலக்கித்தான் செருகுகிறேன், ஸ்க்ரூடிரைவர் பக்கமே போவதில்லை. இதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? பியானோ ட்யூனர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.