ரப்பர்த் துகள்கள்

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

பன்னிரண்டாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி வரைந்திருந்த பியூரெட் படத்தில் என் பேனா நின்றது. கண்ணாடிக் குழாயின் ஒரு பக்கத்தில் சன்னல் வெளிச்சம் விழுவதையும், உள்ளே கரைசலின் மேல்மட்டம் குழிந்து நிற்பதையும் அவள் வெறும் பென்சிலால் கொண்டுவந்திருந்தாள். செய்முறைப் படத்துக்கு நிழல் கூடாது என்பதால், ‘திரும்ப வரைக’ என்று சிவப்பு மையில் எழுதினேன். நோட்டை வாங்க வந்தவள், “வரைவதற்கென்று கல்லூரி இருக்கிறதா சார்?” என்று கேட்டாள். 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி என்பதும், கும்பகோணத்தில் இன்னொன்று இருப்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், “முதலில் மதிப்பெண் எடு, மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்றேன். அவள் அங்கேயே நின்று படத்தை அழித்துவிட்டு, மேசையில் சிதறிய ரப்பர்த் துகள்களைக் கையால் வழித்தெடுத்துக்கொண்டு போனாள். பதினைந்து ஆண்டுகளாகியும் அந்தக் கை என் கண்ணைவிட்டு அகலவில்லை.

கும்பகோணத்தில் படித்தவர்:

நான் ஓவியம் படிக்கப் போவதற்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பு சத்தமாகவே இருந்தது. “சுவருக்கு வெள்ளையடிக்கவா நான்கு வருடம் படிக்கப் போகிறான்?” என்று பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். இடம் கிடைக்காவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் அப்பா என்னைக் கும்பகோணம் கல்லூரியின் சேர்க்கைத் தேர்வுக்கு அழைத்துப்போனார். நான் உள்ளே வரைந்துகொண்டிருந்த நேரத்தில், சிற்பப் பிரிவின் வாசலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு களிமண் தலையை அவர் பார்த்திருக்கிறார். திரும்பும் பேருந்து திருவிடைமருதூரைத் தாண்டும்வரை வாய் திறக்காதவர், “அந்தக் கிழவர் தலையைச் செய்த பையன் எந்த ஊராம்?” என்று கேட்டார். அதன்பின் பெரியப்பாவுக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

ஒரு தகப்பன்:

பெரியவர்களின் தடையைப் பற்றி எழுதுகிறவர்கள், அவர்களுடைய அச்சத்தையும் எழுத வேண்டும். 2012-இல் அரசுப் பள்ளிகளில் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். அவன் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் என் மகளிடம் முடியாது என்றேன்; அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, பிறகு நான் இறங்கிவந்தேன். பிள்ளைகளே, வீட்டில் அழுது கேட்பதைவிட, தினமும் ஒரு மனித உருவமாவது வரைந்து, தேதியிட்டு, ஆறு மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் சேர்த்துக் காட்டுங்கள். ஓவியம், சிற்பம் மட்டுமல்லாமல் துணி வடிவமைப்பு, பீங்கான் கலை, காட்சித் தொடர்பு வடிவமைப்பு ஆகியவையும் சென்னைக் கல்லூரியில் உண்டு என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பெற்றோரே, மறுப்பதற்கு முன் ஒருநாள் பிள்ளையோடு மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையின் முன் நில்லுங்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதே கல்லூரியை வழிநடத்தியவர். அந்தப் பாறையைப் பெயர்க்கும் முதுகுகளை வடித்தவரையும் வீட்டில் யாரோ ஒருவர் வரைய விட்டிருக்கத்தான் வேண்டும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

தகப்பனாரின் அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெற்றோர் மறுத்திருப்பார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. பேச்சு அவர்கள்வரை போகவே இல்லை; அவள் கேட்டது ஒரு கல்லூரியின் பெயரை மட்டும்தான்.