கசிவை அடைத்த பிறகும் சுவரில் ஓதம்: உடனே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி:
குளியலறைச் சுவருக்குள் பதித்திருந்த குழாயின் இணைப்பு விட்டுப்போனதால், அதன் மறுபக்கத்தில் இருக்கும் படுக்கையறைச் சுவர் இடுப்பளவு உயரத்துக்கு ஓதம் காத்துவிட்டது. பிளம்பர் இணைப்பை மாற்றி 12 நாள்கள் ஆகியும், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. விரலால் அழுத்தினால் வெண்ணிறத் தூள் உதிர்கிறது. சுவரை ஒட்டிய அலமாரியின் அடிப்பலகை உப்பிக்கொண்டு, கதவு மூட மறுக்கிறது. நீர்க்காப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் தூள் பெரும்பாலும் உப்புப் பூத்ததாகவே இருக்கும். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்து மேலே கொண்டுவரும் நீர், தான் ஆவியாகும்போது அவற்றை அங்கேயே விட்டுச்செல்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் உப்பு மறுபடியும் கரைந்து சுவருக்குள் போய்விடும் என்பதால், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். இப்போது நீர்க்காப்பு பெயின்ட் அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் நாளடைவில் அந்தப் பெயின்டையும், அதன் அடியில் பூசிய பட்டியையும் (putty) சேர்த்துப் பெயர்த்துவிடும். பொரிந்ததையெல்லாம் பூச்சு வரை சுரண்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். சுவரின் ஒவ்வொரு 25 மி.மீ. கனமும் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டட வேலையில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆகவே இது வாரக்கணக்கில் முடிகிற காரியமன்று.

மறுமொழி 2:
முதலில், கசிவு உண்மையிலேயே நின்றதா என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் சிறு சக்கரத்தை அரை மணி நேரம் கவனியுங்கள். ஒருவரும் தண்ணீர் எடுக்காமலே அது நகர்ந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அந்தச் சுவரில் சுவிட்ச் பெட்டி இருந்தால், எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்த இணைப்பின் மின்சாரத்தை நிறுத்தி வையுங்கள்.

மறுமொழி 3:
அலமாரி துகள் பலகையால் ஆனதென்றால், உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். பிளைவுட்டாக இருந்து அடுக்குகள் பிரியாமல் இருந்தால், நிழலில் காயவைத்துக் காப்பாற்றலாம். எதுவானாலும் அதைச் சுவரிலிருந்து நகர்த்திப் பின்புறத்தைப் பாருங்கள்: ஈரமான மரப்பொருள்களில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் வளரத் தொடங்கிவிடும். துடைக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பிளீச்சிங் கரைசலை அமிலக் கழுவியுடன் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு எழும்.

கேள்வி கேட்டவர்:
மீட்டரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் மூடிய பிறகும் சக்கரம் மிக மெதுவாக நகர்ந்தது. குளியலறையின் வெந்நீர் வால்வை அடைத்ததும் நின்றுவிட்டது. பிளம்பர் மாற்றியது குளிர்நீர் இணைப்பை மட்டுமே. நாளை வெந்நீர்க் குழாயை அழுத்தச் சோதனை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெயின்டரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். அலமாரியின் பின்புறம் முழுவதும் கறுத்திருக்கிறது.