3,500 ஆர்பிஎம் தொட்டதும் என்ஜின் வெட்டுகிறது: தனி ஈசியூ, வி.ஆர். கிராங்க் சென்சார்

கேட்டவர்:
வணக்கம். 1.6 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். டர்போ ஏற்றியதால் பழைய ஈசியூவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கழற்றிவிட்டு, நாமே எண்களை மாற்றக்கூடிய தனி ஈசியூ போட்டாயிற்று. கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒரு பல் இல்லாதது), அதைப் படிக்க இரண்டு வயர் வி.ஆர். சென்சார் (பல் கடப்பதைக் காந்தத்தால் உணர்வது). வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிலும் நிற்கிறது. 3,500ஐத் தொட்டால் சாவியை அணைத்த மாதிரி வெட்டி, உடனே திரும்பப் பிடிக்கிறது. எரிபொருள் டேபிளில் (எப்போது எவ்வளவு எரிபொருள் என்று ஈசியூவுக்குச் சொல்லும் அட்டவணை) அந்த இடத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டேன், மாற்றமே இல்லை. வேறு எங்கே பார்க்கலாம்?

கரிப்புகை:
ஃப்யூயல் பம்ப்தான். டர்போ போட்டுவிட்டுப் பழைய பம்பையே வைத்திருந்தால் இப்படித்தான்.

ஸ்பானர்:
பிரஷர் பார்ப்பது நல்லதுதான். ஆனால் பம்ப் திணறினால் கலவை லீன் ஆகி (எரிபொருள் குறைந்து) இழுவை குறையும். இப்படிப் பட்டென்று வெட்டிப் பட்டென்று பிடிக்காது. ஈசியூ பதிவு செய்யும் லாகில் அந்த நொடி ஆர்பிஎம் கோடு பூஜ்ஜியத்துக்கு விழுகிறதா, சிங்க் இழப்புக் கணக்கு (ஈசியூ கிராங்க் எங்கே நிற்கிறது என்பதைத் தவறவிட்ட தடவை) ஏறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இக்னிஷனை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட்டை (ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னி, புல்லிக் குறி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று காட்டும் விளக்கு) ஐடிலிலும் 3,000லும் அடித்துப் பாருங்கள். அதுவரை எரிபொருள் டேபிளைத் தொட வேண்டாம்.

கேட்டவர்:
ஆர்பிஎம் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது, சிங்க் கணக்கும் ஏறுகிறது. டைமிங் லைட்டில் ஐடிலில் சரியாக 10. 3,000ல் குறி 4 பக்கம் நகர்ந்து நடுங்குகிறது. ட்ரிகர் ஆங்கிளை (விடுபட்ட பல்லுக்கும் பிஸ்டன் உச்சிக்கும் இடையே எத்தனை டிகிரி என்று ஈசியூவுக்குச் சொல்லும் எண்) கூட்டிவிடலாமா அண்ணா?

ஸ்பானர்:
கூடாது. ஆங்கிள் எல்லா வேகத்திலும் ஒரே அளவு தள்ளும். உங்களுக்கு வேகத்தோடு சேர்ந்து நகர்கிறது. சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கும் என்றே தோன்றுகிறது.

வி.ஆர். சென்சாரில் வருவது அலை. பல்லின் நடுப்பகுதி சென்சாரைக் கடக்கும்போது அந்த அலை செங்குத்தாகப் பூஜ்ஜியத்தைக் கடக்கும், ஈசியூ அந்தப் புள்ளியைத்தான் பிடிக்க வேண்டும். வயர் மாறினால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வரும் புள்ளியைப் பிடிக்கும். பல் இல்லாத இடைவெளியில் அலை தட்டையாகக் கிடப்பதால், அங்கே கடக்கும் நேரம் வேகத்துக்கு ஏற்ப இழுபடும். குறைந்த வேகத்தில் எப்படியோ சமாளித்துவிடும், வேகம் ஏறினால் விடுபட்ட பல் எது என்றே குழம்பிவிடும்.

இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றி, காயில் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் கிராங்க் மட்டும் செய்து டூத் லாக் (ஒவ்வொரு பல்லுக்கும் இடையே ஆன நேரத்தைக் கோடுகளாகக் காட்டும் பதிவு) எடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு உயரமான கோடு, மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம் என்று வர வேண்டும். உயரக் கோட்டின் பக்கத்துக் கோடு கோணலாக இருந்தால் சந்தேகமே இல்லை, வயரை மாற்றுங்கள். மாற்றியபின் ட்ரிகர் ஆங்கிளைப் புதிதாக அளந்தே தீர வேண்டும். ஈசியூ பிடிக்கும் புள்ளி மாறிவிட்டது, பழைய எண்ணோடு ஓட்டினால் டைமிங் தவறி என்ஜின் நாக் ஆகலாம் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டலாம்).

கரிப்புகை:
ஈசியூவில் சிக்னல் இரைச்சலை வடிகட்டும் நாய்ஸ் ஃபில்டரைக் கூட்டினால் போதாதா?

ஸ்பானர்:
நிஜமான பல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். சிக்னல் சுத்தமானபின் தேவைப்பட்டால் கொஞ்சம் வைக்கலாம். சென்சார் வயரைச் சுற்றியுள்ள ஷீல்டை (இரைச்சல் தடுக்கும் உலோக உறை) ஈசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பார்க் பிளக் மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் வகைதானா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
வயரை மாற்றியதும் கோடுகள் நேராகிவிட்டன. ஆங்கிளை அளந்து திருத்தினேன். இப்போது 10 என்றால் எந்த வேகத்திலும் 10தான். 5,000 வரை வெட்டே இல்லை. வாங்கிய ஹார்னஸின் (வயர் தொகுப்பு) வயர் நிறத்துக்கும் இந்தச் சென்சாரின் பின்னுக்கும் சம்பந்தமே இல்லை போலிருக்கிறது. இன்னொன்று: ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் ஐடிலில் லாம்டா (கலவை அளவு; 1க்கு மேல் போனால் லீன்) 1.0லிருந்து 1.15க்குப் போகிறதே?

ஸ்பானர்:
ஃபேன் ஓடும்போது வோல்ட் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் நீளும், ஐடிலில் பல்ஸ் சின்னது என்பதால் அங்கேதான் அதிகம் தெரியும். இன்ஜெக்டரின் டெட் டைம் (அந்தத் திறப்பில் வீணாகும் நேரம்) எண்களை வோல்ட் வாரியாகப் போடுங்கள். எல்லா வோல்ட்டுக்கும் ஒரே எண் இருந்தால் அதுதான் காரணம்.