நின்றபடியே குதிரையின் கண்ணை எடுத்த அனுபவம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு விடப்படும் ஒரு பெண்குதிரையை நான் பார்க்கச் சென்றபோது, அதன் வலக்கண்ணைக் காப்பாற்றும் கட்டம் கடந்துவிட்டிருந்தது. முள் கீறிய புண்ணுக்கு, மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மூன்று வாரம் விட்டிருக்கிறார்கள். பூஞ்சை தொற்றிய புண்ணை ஸ்டீராய்டு வளர்த்தே விடும் என்பதால், கருவிழி உருகி ஓட்டையாகியிருந்தது.

"கண்ணு போனாப் போகுது டாக்டர், கீழே மட்டும் படுக்க வெச்சிராதீங்க" என்றார் குதிரைக்காரர். மயக்கம் தெளிந்து எழும்போது கால் முறிந்த குதிரையை அவர் முன்பே பார்த்திருக்கிறார். அவருடைய அச்சம் வீணானதன்று. வயிற்றுவலி அல்லாத காரணங்களுக்காக முழு மயக்கம் கொடுக்கப்படும் குதிரைகளிலும் ஏறத்தாழ நூற்றில் ஒன்று இறந்துபோகிறது.

எனவே நின்றபடியே அரைத்தூக்கத்தில் ஆழ்த்தும் சைலசீனும், வலியைக் குறைக்கும் பியூட்டார்ஃபனாலும் கொடுத்து, தலை தொங்கியதும் அதை வைக்கோல் நிரப்பிய சாக்குகளின் மேல் தாங்கி நிறுத்தினோம். சைலசீனின் வேகம் அரைமணி நேரத்தில் குறையத் தொடங்கும் என்பதால் அடுத்த ஊசியைத் தயாராக வைத்திருந்தோம். தூங்கி விழுவதுபோல் நிற்கும் குதிரையும் திடீரென்று குறிபார்த்து உதைக்கும். பின்னால் யாரையும் நிற்க விடவில்லை.

என் அனுபவத்தில் இந்தச் சிகிச்சையின் வெற்றியைக் கத்தியைவிட ஊசியே தீர்மானிக்கிறது. இமைகளையும் நெற்றியையும் மரக்கச் செய்த பின், கண்ணுக்கு மேலுள்ள பள்ளத்தின் வழியே நீண்ட ஊசியை நேர்கீழாக இறக்கினேன். ஊசிமுனை கண் தசைகளின் கூம்புக்குள் நுழையும் கணத்தில் விழி மெல்ல மேல்நோக்கித் துள்ளும். அந்தத் துள்ளலுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அதன்பின் 10 மில்லி லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை மெதுவாகச் செலுத்தியதும் விழி சற்றே முன்தள்ளியது. அதற்குப் பிறகு குதிரை காதைக்கூட அசைக்கவில்லை.

இமைகளைச் சேர்த்துத் தைத்து, அவற்றைச் சுற்றி வெட்டி, சீழ் பிடித்த பகுதி வெளியே சிந்தாமல் பை போலவே கண்ணை எடுத்தோம். இரு கண்களின் நரம்புகளும் மூளைக்கு அடியில் ஒரே இடத்தில் கூடுவதால், அறுக்கும் அவசரத்தில் விழியை வெளியே இழுத்தால் நல்ல கண்ணின் பார்வையும் பறிபோகக்கூடும். உட்கண் மூலைக்கு அருகிலுள்ள சிரையில் இரத்தம் கசிந்தது. துணி வைத்து ஐந்து நிமிடம் அழுத்தியதும் நின்றது. டெட்டனஸ் ஊசியும் வலிநிவாரணியும் கொடுத்தோம். பதினான்காம் நாள் தையல் பிரித்தேன்.

மறுமொழி:

என் குதிரைக்கு அடிக்கடி வந்துபோன கண்ணழற்சியால் இடக்கண்ணை இதே முறையில்தான் எடுத்தார்கள். நாம் வழக்கமாக இடப்பக்கமாகவே அணுகிச் சேணம் பூட்டி ஏறுவதால், இடக்கண் இழந்த குதிரையோடு பழகுவது சற்றுக் கடினம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முதல் மாதத்தில் கதவு நிலையில் இருமுறை தோளை இடித்துக்கொண்டது. இப்போது தொலைவிலிருந்தே பெயர் சொல்லிக்கொண்டு போகிறேன். குரல் கேட்டதும் கழுத்தை முழுவதுமாகத் திருப்பி, வலக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அருகே விடுகிறது.