கே ஸ்டார் பாடியது ராக் அண்ட் ரோலா?

தட்டுப்பெட்டி: "ராக் அண்ட் ரோலில் முதலிடம் பிடித்த முதல் பெண் கே ஸ்டார்" என்று அந்த அமெரிக்கப் பாடகியைப் பற்றி ஒருவர் போன வாரம் இங்கே எழுதினார். ஆளாளுக்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். ஐயா, அவர் பாடிய 'ராக் அண்ட் ரோல் வால்ட்ஸ்' 3/4 தாளம், அதாவது வால்ட்ஸ் நடனத்தின் மூன்று எண்ணிக்கை. ராக் அண்ட் ரோல் 4/4, நான்கு எண்ணிக்கை. முடிந்தது கதை.

ஸ்டார் ரசிகன்: எழுதியது நான்தான். "ஒருவர்" என்ன, பெயரைச் சொல்லியே திட்டலாமே? 1956 பிப்ரவரியில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம், மார்ச் கடைசியில் பிரிட்டனிலும். தலைப்பிலேயே ராக் அண்ட் ரோல் இருக்கிறது!

தட்டுப்பெட்டி: தலைப்பில் இருந்தால் போதுமா? 1934-லேயே பாஸ்வெல் சகோதரிகள் என்ற பாடகிகள் 'ராக் அண்ட் ரோல்' என்று பாடினார்கள், கடல் ஆட்டத்தைப் பற்றி. அவர்களுக்கும் பட்டம் கட்டுங்கள். 3/4, சார்.

ரேடியோ மாமி: பாட்டில் என்னதான் கதை? யாராவது சொல்லிவிட்டுச் சண்டை போடுங்களேன்.

ஸ்டார் ரசிகன்: மாமி, இரவில் வீடு திரும்பும் பெண், அம்மாவும் அப்பாவும் ராக் தட்டைப் போட்டு அதற்கு வால்ட்ஸ் ஆடப் பார்ப்பதைக் காண்கிறாள். அதனால்தான் அந்தத் தாளம். வேடிக்கையே அதில்தான் இருக்கிறது.

தட்டுப்பெட்டி: ஆக 3/4 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

ஸ்டார் ரசிகன்: 1939-இல் பதின்வயதிலேயே கிளென் மில்லர் இசைக்குழுவில் பாடகி மரியன் ஹட்டனுக்குப் பதிலாகப் பாடியவர் கே ஸ்டார். அந்தம்மாவுக்கு நீங்கள் தாளம் சொல்லித் தருகிறீர்களா?

நாற்பத்தைந்து: போன வருடம் 'டென்னசி வால்ட்ஸ்' பாட்டைப் பற்றிய திரியில் "தாளமா முக்கியம், உணர்வுதான் முக்கியம்" என்று பக்கம் பக்கமாக எழுதியது யாரோ?

தட்டுப்பெட்டி: அது வேறு. அங்கே என்னைத் தனிப்பட்ட முறையில் தாக்கினார்கள், நீங்களும்தான்.

நாற்பத்தைந்து: என்னிடம் ஆர்சிஏ விக்டர் கம்பெனி வெளியிட்ட 45 தட்டே (நிமிடத்துக்கு 45 சுற்று) இருக்கிறது. யூடியூபில் கேட்டுவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு என்ன வழக்கு?

தட்டுப்பெட்டி: பழைய 78 சுற்றுத் தட்டிலும் வந்தது. அதைக் கேட்டிருக்கிறீர்களா? 45 வைத்திருப்பவர்கள் எல்லாம் நேற்று முளைத்தவர்கள். எத்தனை வேகத்தில் சுற்றினாலும் 3/4தான்.

ஸ்டார் ரசிகன்: எல்விஸ் பிரெஸ்லியும் அதே ஆர்சிஏ விக்டர்தான். அவர் வால்ட்ஸ் பாடியிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பீர்களா? பெண் பாடினால்தான் அளவுகோலை எடுப்பீர்கள்.

தட்டுப்பெட்டி: எல்விஸை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் பெண்ணா? 3/4-க்குப் பதில் சொல்லுங்கள்.

ரேடியோ மாமி: பாட்டைக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருமே கேட்கவில்லை போலிருக்கிறது.

நாற்பத்தைந்து: மாமி, நீங்கள் கேட்டது 78-லிருந்து எடுத்ததா, 45-லிருந்தா? "நேற்று முளைத்தவர்கள்" என்றதை அவர் முதலில் வாபஸ் வாங்கட்டும்.